தொண்ணூறைப் பங்கு போடலாம், வாருங்கள்!

"கணக்கு எனக்கு வராதுங்கம்மா" என்று உங்கள் வீட்டுப் பெண் குழந்தையும் சொல்கிறதா? ஆறாவது படிக்கும் என் மகள் சொல்ல ஆரம்பித்தபோது எனக்குப் பகீரென்றது. இந்த வயதில் கணக்கை விட்டால், பிற்பாடு விஞ்ஞானம், பொறியியல், பாங்க் வேலை என்று எத்தனையோ கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும். அவளுடைய அப்பத்தாவோ, "விடு கண்ணு, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அத்தனை கணக்கு?" என்று சமாதானம் சொன்னார்.

அவளை மிரட்டியது 'நிரப்புக் கோணங்கள்' என்ற பெயர்தான். விஷயம் ரொம்பச் சுலபம். இரண்டு கோணங்களைக் கூட்டி 90 டிகிரி வந்தால் ஒன்றுக்கொன்று நிரப்பு. 180 வந்தால் மிகை நிரப்பு.

தோசையைச் சரியாக நான்காக வெட்டினேன். கால் தோசையின் முனை 90 டிகிரி. முனையிலிருந்து கத்தியால் ஒரு கீறு போட்டு, "இது 30ன்னா அது எத்தனை, அம்மிணி?" என்றேன். "60ங்கம்மா!" ஒன்று பெருத்தால் மற்றது இளைக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மொட்டை மாடி. நம் கோயமுத்தூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. மார்ச் 21ஐ ஒட்டிச் சூரியன் அந்த ரேகைக்கு நேர் மேலே நிற்கும். அன்று உச்சி வேளையில் நமக்குத் தலைக்கு மேலிருந்து 11 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். தரையிலிருந்து அளந்தால் 79. கூட்டிப் பாருங்கள், 90!

1 மீட்டர் குச்சியை நேராக நிறுத்தினோம். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே உள்ள ரேகையை வைத்துக் கணக்கிட்டதால், இங்கே மார்ச் மாதத்தில் உச்சி வர ஏறக்குறைய 12.30 ஆகும். அப்போது நிழல் வடக்கே 19 சென்டிமீட்டர்தான்!

"நாங்க தோட்டத்துல நெழலப் பாத்துத்தானே மணி சொன்னோம்" என்று குச்சியைப் பிடித்துக்கொண்டவர் யார் தெரியுமா? அப்பத்தாவேதான்!

"சென்னை 13 டிகிரி. அப்ப அங்கே சூரியன் எவ்வளவு உயரம்?" என்றேன். "77ங்கம்மா" என்று பதில் பட்டென்று வந்தது.

ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று உச்சியில் நேராக நிற்கும் குச்சிக்கு நிழலே விழாது. நீங்களும் குழந்தைகளுக்குக் காட்டுங்களேன். 'நமக்கென்ன கணக்குத் தெரியும்' என்று ஒதுங்க வேண்டாம். கால் தோசையும் ஒரு குச்சியும் இல்லாத வீடு உண்டா?