டீச்சரம்மாவின் ஒரு லட்சம்

"பாஸ்போர்ட்டா? எந்த ஊருக்கும்மா போகப்போறே?" என்று கேட்டார் என் மாமியார்.

"சென்னைக்கு, அத்தை."

மடித்துக்கொண்டிருந்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போக மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதாதா, பாஸ்போர்ட் எதற்கு என்று அவர் நினைத்ததில் தவறே இல்லை. ஆனால் நான் எழுதப் போன பரீட்சைக்கு ரேஷன் கார்டோ ஆதாரோ அன்று செல்லாது. பாஸ்போர்ட் இருந்தால்தான் பெயரையே பதிவு செய்ய முடியும். அப்படித்தான், ஆகாய விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த நான், 2017ல், முப்பத்தொன்பதாவது வயதில் பாஸ்போர்ட் எடுத்தேன்!

அந்தப் பரீட்சையின் பெயர் சி.எஃப்.ஏ. பிறருடைய பணத்தை எதில், எவ்வளவு, எத்தனை காலத்துக்குப் போட்டு வைக்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும் தொழிலுக்கான படிப்பு. டாக்டருக்கும் வக்கீலுக்கும் தகுதி பார்க்கிற உலகம், பணத்துக்கு யோசனை சொல்கிறவருக்கு மட்டும் ஏன் பார்க்கக்கூடாது என்று அமெரிக்காவில் பெஞ்சமின் கிரஹாம் என்ற முதலீட்டு மேதை 1945ல் ஒரு கட்டுரை எழுதினார். பதினெட்டு வருஷம் கழித்து, 1963ல், முதல் பரீட்சை நடந்தது. எழுதியவர்கள் 284 பேர். இப்போது உலகம் முழுவதும் எழுதுகிறார்கள். மூன்று கட்டங்கள். ஒன்றில் தேறினால்தான் அடுத்தது.

நான் பி.காம். படித்தவள். ஒரு தனியார் வங்கியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, சின்னவன் பிறந்த 2012ல் விட்டுவிட்டேன். அவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலைக்குப் போகும் ஆசை வந்தது. வெறும் பி.காமை இனி யார் சீண்டுவார்கள்? "ஏதாவது பெரிசா படியேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் சும்மா சொன்னார். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

பணம் டாலரில் கட்ட வேண்டும். முதல் கட்டத்துக்குச் சுமார் எழுபதாயிரம் ரூபாய் ஆயிற்று. என் சீட்டுப் பணம் அதில் போயிற்று. ஒரு கட்டத்துக்கு 300 மணி நேரமாவது படிக்க வேண்டும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். நான் கணக்குப் போட்டேன். விடிகாலை நாலு மணியிலிருந்து ஆறு வரை, நாளைக்கு இரண்டு மணி நேரம். ஆக 150 நாள். பால்காரர் மணி அடிக்கும்வரை சமையலறை மேடைதான் என் மேஜை. ஆறு தடித் தடிப் புத்தகங்கள். புள்ளியியல், பொருளாதாரம், கம்பெனிக் கணக்குகள், பங்கு, கடன் பத்திரம் என்று பத்துப் பாடங்கள். கால்குலேட்டரில்கூட இரண்டே வகைக்குத்தான் அனுமதி.

"இந்த வயசுல அண்ணி பரீட்சை எழுதி என்ன பண்ணப்போறாங்க?" என்று நாத்தனார் போனில் கேட்டது என் காதிலும் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணக்கு என்னைப் பயமுறுத்தவில்லை. என்னை நிறுத்தியது முதல் புத்தகத்தில் இருந்த ஒழுக்க நெறிப் பாடம். அதில் ஏழு நெறிகள். "பொருத்தம்" என்று ஒன்று வருகிறது. ஒருவருக்கு யோசனை சொல்லும் முன், அவருடைய வருமானம் என்ன, பணம் எப்போது தேவை, எவ்வளவு நஷ்டம் தாங்குவார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவருக்குப் பொருந்தாததைச் சொல்லக்கூடாது. இவ்வளவுதான் சாரம்.

படித்துக்கொண்டே தலையை நிமிர்த்தினேன். எதிரே அலமாரியில் மிக்ஸி இருந்தது. அந்த மிக்ஸி எனக்குப் பரிசாக வந்தது. எதற்குப் பரிசு என்று இப்போது சொல்கிறேன்.

எங்கள் உறையூர்த் தெருவில் எதிர்வீட்டில் இருப்பவர் டீச்சரம்மா. கணவர் இல்லை. பிள்ளைகளும் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து, 58 வயதில், 2008 ஜனவரியில் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் கடன்கள் போக ஒரு லட்சம் மிஞ்சியது. மூன்று வருஷம் கழித்து ஓட்டைப் பிரித்துத் தளம் போட வேண்டும், அதுவரை எதிலாவது போட்டு வை என்று என்னிடம் கொண்டுவந்தார்.

எங்கள் கிளைக்கு அந்த மாதம் டார்கெட் குறைந்திருந்தது. பங்குச் சந்தையோடு இணைந்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை எடுத்து நீட்டினேன். யூலிப் என்பார்கள். "நல்லா வளரும் டீச்சர்" என்றேன். "நீ சொன்னா சரிதாம்மா" என்று, கண்ணாடியைக்கூடப் போடாமல், நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அந்த மாதம் டார்கெட்டை முடித்த மூன்று பேருக்கு மிக்ஸி கொடுத்தார்கள்.

நான் சொல்லாதவை எத்தனை! வருஷா வருஷம் ஒரு லட்சம் கட்ட வேண்டும் என்று அழுத்திச் சொல்லவில்லை. முதல் வருஷம் கட்டணமாகவே கால் லட்சம் போய்விடும் என்று சொல்லவில்லை. பாலிசி கைக்கு வந்து 15 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லவே இல்லை. அந்த ஜனவரியில் 21,000ஐ எட்டிப் பார்த்த சென்செக்ஸ், அக்டோபர் இறுதியில் 8,500க்கு இறங்கிவிட்டது. அடுத்த ஜனவரியில் இரண்டாவது லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்தபோது டீச்சரம்மா திகைத்துப் போனார். கட்ட முடியவில்லை. 2011ல் எல்லாப் பிடித்தமும் போகக் கைக்கு வந்தது 46,000 ரூபாய்.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகார் எழுதச் சொன்ன அவர் தம்பியிடம், "வேணாம்ப்பா, எதிர்வீட்டுப் பொண்ணு. அதுக்கு வேலை போயிடும்" என்றாராம். தளம் போடவில்லை. ஐப்பசி மழையில் அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு வாளிகள் வைத்திருப்பது எங்கள் வாசலிலிருந்தே தெரியும்.

"அன்னிக்கு எல்லாரும்தான் அப்படி வித்தாங்க" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது ஓரளவு உண்மையும்தான். நாடெங்கும் இதே புகார்கள் பெருகித்தான் 2010 செப்டம்பரில் யூலிப் கட்டணங்களுக்கு வரம்பு வைத்தார்கள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் டீச்சரம்மா முகம்தான் தெரிந்தது. அந்தப் பாடத்தை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டேன். கடைசியில் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, 2018 ஜூனில் ஒரு சனிக்கிழமை சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். காலையில் 120 கேள்வி, மதியம் 120. சுற்றிலும் என் தம்பி, தங்கை வயதுகூட இல்லாத பிள்ளைகள்.

ஜூலையில் முடிவு வந்தது. நூற்றுக்கு 43 பேர் தேறியிருந்தார்கள். அதில் நான் இல்லை.

எந்தப் பாடத்தில் எப்படி எழுதினோம் என்று தனித்தனியாகக் காட்டுவார்கள். எல்லாவற்றிலும் மோசம் ஒழுக்க நெறி! எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு அந்தப் பாடம்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்றும் விதி இருக்கிறது. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. இதைவிடப் பொருத்தமாக யாரும் என்னை ஃபெயில் ஆக்கியிருக்க முடியாது.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். 2008ல் டீச்சரம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தபாலாபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004லிருந்தே இருந்தது. அறுபது வயது ஆகாவிட்டாலும், ஓய்வு பெற்று வந்த பணம் என்றால் 55 வயதிலிருந்தே சேரலாம். வட்டி அன்று 9 சதவீதம். லட்ச ரூபாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 2,250 ரூபாய். மூன்று வருஷத்தில் 27,000. அசலோடு 1,27,000. கிடைத்தது 46,000. வித்தியாசம் 81,000. இதற்கு அந்த விசேஷக் கால்குலேட்டர் தேவையே இல்லை. மனக்கணக்கு போதும்.

மறுநாள் டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், அந்தப் பாலிசி விஷயமா..."

"அது முடிஞ்ச கதை. விடு."

"எனக்கு முடியலை, டீச்சர். தெரியாம செஞ்சுட்டேன்."

கீரையிலிருந்து கையை எடுத்தார். "தெரியாம செஞ்சேன்னு சொல்லாதே. தெரிஞ்சுக்காம செஞ்சே. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றார். தமிழாசிரியை அல்லவா!

81,000 கணக்கைச் சொன்னேன். மொத்தமாகக் கொடுக்க வழியில்லை, மாதம் மூவாயிரமாகக் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று உள்ளூர எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கொடு. நான் வாங்கிக்கலைன்னா உனக்குத் தூக்கம் வராது" என்றார்.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "சட்டப்படி நீ ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லையே?" என்றார். உண்மைதான். ஆனால் சட்டம் ஒன்று சொல்லி, நெறி அதைவிடக் கடுமையாகச் சொன்னால், கடுமையானதைத்தான் பின்பற்ற வேண்டும் என்று என் புத்தகத்தில் முதல் நெறியிலேயே இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ப்ளஸ் டூ பிள்ளைகள் நாலு பேரை டியூஷனுக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான்.

ஆகஸ்டிலிருந்து ஒன்றாம் தேதி தவறாமல் மூவாயிரம். டீச்சரம்மா ஒரு நோட்டில், வருகைப் பதிவேடு மாதிரிக் கோடு போட்டு எழுதிக்கொள்வார். கையோடு "படிப்பு எந்த மட்டுல இருக்கு?" என்று ஒரு கேள்வி. நான் படித்ததைத் தமிழில் அவருக்குச் சொல்ல வேண்டும். கூட்டு வட்டி, பணவீக்கம், எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காமல் இருப்பது... அவருக்குப் புரியும்படி சொல்ல முடியாவிட்டால் எனக்கே புரியவில்லை என்று அர்த்தம். இதைவிட நல்ல டியூஷன் எனக்குக் கிடைத்ததில்லை. டிசம்பரில் மறுபடி எழுதி முதல் கட்டத்தில் தேறினேன். 2019 ஜூனில் இரண்டாவது.

2020 ஜூன் பரீட்சையைக் கொரோனா விழுங்கிவிட்டது. எல்லாரும் வீட்டில். நாலு மணிக்கு எழுந்தாலும் மனம் புத்தகத்தில் நிற்காது. ஆனால் மூவாயிரம் மட்டும் நிற்கவில்லை. அந்த அக்டோபரில், இருபத்தேழாவது மாதத்தில், கணக்கு முடிந்தது. மறு வருஷம் டீச்சரம்மா வீட்டில் தளம் போட்டார்கள். மூன்றாவது கட்டத்தை நான் 2022ல் முடித்தேன். மூன்றும் முடிந்தாலும் உடனே பட்டம் தருவதில்லை. முதலீடு சம்பந்தமான வேலையில் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரம் அனுபவம் காட்ட வேண்டும். ஒரு முதலீட்டு ஆலோசகர் அலுவலகத்தில் சேர்ந்தேன். 2025ல்தான் அந்த மூன்றெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் உரிமை வந்தது. அத்தை இனிப்புச் செய்தார். நாத்தனார் தன் பெண்ணுக்கு இந்தப் படிப்பு ஒத்து வருமா என்று கேட்டாள்!

சகோதரிகளே, நீங்கள் எல்லாரும் சி.எஃப்.ஏ. படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசை இருந்தால் வயது தடையில்லை. இப்போது முதல் கட்டம் கம்ப்யூட்டரிலேயே, 180 கேள்விகள்தான். ஆனால் படிக்காவிட்டாலும், உங்கள் பணத்தைக் கேட்டு யார் வந்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். நான் எத்தனை வருஷம் கட்ட வேண்டும்? நடுவில் பணம் தேவைப்பட்டால் கைக்கு எவ்வளவு வரும்? மோசமான வருஷத்தில் எவ்வளவு குறையும்? இதை எனக்கு விற்றால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? நாலாவது கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டாலும் பதறாதீர்கள். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று 2024லிருந்து விதி இருக்கிறது.

போன வாரம் டீச்சரம்மா ஒரு வழவழத் தாளோடு வந்தார். யாரோ ஒரு பெண் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனாளாம். "பாவம், சின்னப் பொண்ணு. டார்கெட்டாம். போடலாமா?" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் இருந்த பொடி எழுத்துவரை இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். அரை மணி நேரம் ஆயிற்று.

"வேண்டாம், டீச்சர்" என்றேன்.

"ஏன்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அந்தப் பொண்ணு நாளைக்கு வரும். நீயும் வா. அதுக்கும் இதையெல்லாம் சொல்லிக் கொடு" என்றார்.