கால்வாய்க் கரைத் தட்டான்கள்

தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். அதற்கு மேல் தட்டானைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அறிவியல் மன்றத்திற்காக ஏதேனும் ஓர் உயிரினத்தைக் கவனித்து எழுதும்படி சிஸ்டர் பணித்தபோது, தாமிரபரணியிலிருந்து பிரிந்து வயல்களுக்குப் பாயும் கால்வாயின் படித்துறையைத் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் நால்வர். மார்கழி முதல் பங்குனி வரை சனிக்கிழமைதோறும் சென்றோம்.

காலை எட்டு மணிக்குத் தட்டான்கள் நாணல் நுனிகளில் இறக்கைகளை விரித்து வெயில் காய்கின்றன. உடல் சூடேறாமல் அவற்றால் நன்றாகப் பறக்க இயலாது. பத்து மணிக்குள் குங்குமச் சிவப்பு ஆண்கள் நீரோரத்தில் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொள்கின்றன. வேறோர் ஆண் வந்தால் விரட்டிவிட்டு அதே குச்சிக்குத் திரும்புகின்றன. (பேருந்தில் ஜன்னலோர இடத்திற்கு நாங்கள் போடும் சண்டை இதற்கு முன் ஒன்றுமில்லை!) நண்பகலில் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாக உயர்த்துகின்றன. வெயில் படும் பரப்பு குறைவதால் உடல் கொதிக்காமல் தப்புகிறது.

மஞ்சள் நிறப் பெண் வந்ததும் ஆண் தன் வால் நுனியால் அதன் தலையைப் பற்றுகிறது. பெண் தன் வாலை முன்னே வளைத்து ஆணின் வயிற்றடியைத் தொட, இரண்டும் சேர்ந்து ஒரு சக்கரம் போலாகின்றன. இதை மலரில் எழுதலாமா என்று தயங்கினோம். "கண்ணால் கண்டதை எழுத என்ன தயக்கம்?" என்றார் சிஸ்டர். பிறகு பெண் தாழப் பறந்து, வால் நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடுகிறது. ஆண் அருகிலேயே பறந்து மற்ற ஆண்களை அண்டவிடுவதில்லை. ஊசித்தட்டான் ஒன்றை ஆராய்ந்த ஜோனதன் வாகே என்ற அமெரிக்க அறிஞர், பின்னால் சேரும் ஆண் முன்னதன் விந்தை அகற்றிவிடுவதை 1979-இல் வெளியிட்டார். காவலின் பொருள் அதைப் படித்தபோதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

பிசான அறுவடை முடிந்ததும் கால்வாயை அடைத்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் அங்கங்கே குட்டைகள்தாம் மிஞ்சின. வளர்ந்த தட்டான்கள் பறந்துவிடும். குஞ்சுகள் என்ன செய்யும்? அவை நீருக்குள்ளேயே வாழ்பவை. பின்புறமாக உறிஞ்சிய நீரைப் பீய்ச்சி முன்னே பாயும். மடித்து வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிக்கும். நீர் வற்றினால் அவற்றுக்குக் கதியில்லை. சேற்றைத் துழாவி 41 குஞ்சுகளை டிபன் கேரியரில் எடுத்துப் போய் ஆற்றில் விட்டோம். பாவாடையெல்லாம் சேறு. வீட்டில் கிடைத்த ஏச்சைப் பற்றி எழுதாமல் விடுகிறோம்.

மறு சனிக்கிழமை ஆற்றோர நாணலில் முதுகு பிளந்த வெற்றுக்கூடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது எங்கள் 41-இல் ஒன்றுதான் என்று எங்களில் ஒருத்தி இன்னும் சாதிக்கிறாள்.