வாங்கிக் கொடுத்த கை

பிள்ளைகளைத் திருத்தும் பொருட்டு அவர்களுடைய சாமான்களை உடைப்பதும் கிழிப்பதும் அடுப்பில் போடுவதும் நம் குடும்பங்களில் நெடுநாளாக வழங்கிவரும் சிக்ஷை முறைகளில் ஒன்று. அடிப்பதைப் பற்றி இக்காலத்தில் நாலு பேர் ஆக்ஷேபிக்கிறார்கள். அடிக்கிற தகப்பனாரும் அதை வெளியில் சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூசுகிறார். ஆனால் பதினைந்து பிராயத்துப் பையனின் கிரிக்கெட் மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்ததையோ, பெண்ணின் டயரியைத் தாள் தாளாகக் கிழித்ததையோ விவரிக்கும்போது அதே தகப்பனாரின் குரலில் ஒரு பெருமிதம் தொனிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பிள்ளையின்மேல் கை வைக்கவில்லை, பொருளின்மேல்தானே வைத்தேன் என்ற சமாதானம் அதற்குள் இருக்கிறது. "நான் வாங்கிக் கொடுத்தது, நான் உடைத்தேன், யார் என்னைக் கேட்பது?" என்பது அடுத்த சமாதானம். இரண்டாவதுதான் பலமானது போலத் தோன்றுவதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொந்தத் தனம் கிடையாது, அவர்கள் தேடுவதெல்லாம் அவர்களை உடையவனுக்கே சேரும் என்று மனு சொல்லியிருக்கிறார். பண்டைய ரோமாபுரிச் சட்டமும் தகப்பன் உயிரோடிருக்கும் வரையில் மகனுக்குச் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையைத் தராமல்தான் இருந்தது. அகஸ்டஸ் காலத்தில் போர்ச்சேவகம் செய்த மகனுக்கு மட்டும் அவன் சம்பாத்தியத்தை அவனுக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாக்ஷரத்தைப் பின்பற்றி வந்த நம் குடும்பங்களில், பாட்டன் தேடிய நிலத்தில் பேரனுக்குப் பிறந்த மாத்திரத்திலேயே பாத்தியதை உண்டு என்பதும், தக்க குடும்ப அவசியமின்றித் தகப்பன் அதைத் தன் மனம்போல் விற்க முடியாது என்பதும் சின்ன வக்கீல் குமாஸ்தாவுக்கும் தெரிந்த சங்கதி. தமிழ்நாட்டில் 1989-லும் தேசம் முழுமைக்கும் 2005-லும் பெண்மக்களுக்கும் அந்தப் பாத்தியதை வந்துவிட்டது. தூளியில் கிடக்கும் சிசுவுக்கு நஞ்சையில் பங்கு உண்டென்று ஒப்புக்கொள்கிற நாம், அந்தச் சிசுவே வளர்ந்து மீசை அரும்புகிற வயதில் அவனுடைய காற்றாடியில் அவனுக்குப் பங்கில்லை என்று வாதிப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது. வாங்கிக் கொடுத்த உரிமை அப்படியொன்றும் சாசுவதமானதல்ல. மகளுக்குப் போட்டு அனுப்பிய வளையலை, மாப்பிள்ளையின்மேல் கோபம் வந்த ஒரு நாளில், நான் போட்டதுதானே என்று உருக்கிவிட எந்த மாமனாரும் புறப்படுவதில்லை.

தவிரவும், இந்த வயதுப் பிள்ளைகள் உயிராக மதிக்கும் பொருள்களில் பலவற்றுக்குத் தகப்பனார் கொடுத்த காசு அற்பம். அவர்கள் போட்ட உழைப்பே பெரிது. தஞ்சை ஜில்லாவில் நாங்கள் குடியிருந்த தெருவில், அடுத்த வீட்டுப் பையன் ஒருவன், 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னை, மணியம் வரைந்த சித்திரங்களோடு வாரம் தவறாமல் பிரித்தெடுத்துச் சேர்த்து வைத்திருந்தான். கோணி ஊசியால் துளையிட்டு, சணலால் தைத்து, புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, பழைய வேட்டித் துணியை முதுகில் ஒட்டி அவனே பைண்டு செய்த புத்தகங்கள் அவை. கணக்குப் பரீக்ஷையில் மார்க்கு குறைந்த ஒரு காலைப்பொழுதில் அவனுடைய தகப்பனார் அவற்றைக் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பில் போட்டார்.

தைத்த புத்தகம் லேசில் எரிகிற வஸ்து அல்ல என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஓரங்கள் கருகின, புகை சூழ்ந்தது, நடுப்பாகம் அப்படியே கிடந்தது. அவர் ஒரு குச்சியால் அதை வெளியே இழுத்து, தையலை அறுத்து, பத்துப் பத்துத் தாளாகப் பிய்த்து மறுபடியும் உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. இந்தக் காரியம் முடிவதற்குள்ளாகவே அவருடைய கோபம் தணிந்துவிட்டது என்பது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. இடையில் ஒரு சித்திரத்தைக்கூட அவர் ஒரு கணம் நின்று பார்த்தார். ஆயினும் பையன் தூணருகில் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தபடியால் பாதியில் நிறுத்த அவரால் இயலவில்லை. கடைசித் தாள் எரிந்த பிற்பாடு அந்த வெந்நீரில் வீட்டார் ஒருவர்பின் ஒருவராகக் குளித்தார்கள். பையனுடைய கணக்கு மார்க்கு அப்புறம் ஏறிற்றா என்பது எனக்கு ஞாபகமில்லை. அவனுடைய பத்திரிகைகள் மட்டும் அதன்பின் எங்கள் வீட்டுத் திண்ணைப் பிறையில் வாசம் செய்தன.

தகப்பனார் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கும் இதே வித்தையைக் கற்றுக்கொண்ட ஒரு ராஜகுமாரனும் உண்டு. பிரஷ்யா தேசத்தை ஆண்ட முதலாம் பிரெடெரிக் வில்லியத்துக்குப் படையும் சிக்கனமும் பிரம்புமே பிரியம். 1712-ல் பிறந்த அவருடைய குமாரனுக்கோ புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகங்களும். டிரெஸ்டன் அரண்மனை வித்துவானாகிய குவாண்ட்ஸ் என்பவர், தாயார் ராணியின் சகாயத்தால், அரசருக்குத் தெரியாமல் வந்து பாடம் சொல்லிக் கொடுப்பார். ஒருநாள் சரிகை அங்கியைத் தரித்துக்கொண்டு குமாரன் குழல் வாசித்திருந்த சமயம் அரசர் வருகிறார் என்று செய்தி வந்ததும், அவனுடைய நண்பனான காட்டே குழலையும் வித்துவானையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒரு சந்து அறையில் ஒளிந்துகொண்டதாகவும், அரசர் அந்த அங்கியை நெருப்பிலிட்டு, புத்தகங்களைக் கடைக்காரனிடம் தள்ளிவிட உத்தரவிட்டதாகவும் கதை வழங்குகிறது. 1730-ல் குமாரன் தேசத்தை விட்டு ஓட முயன்று பிடிபட்டான். அதற்குத் துணைநின்ற காட்டேயை நவம்பர் 6-ஆம் தேதி கூஸ்ட்ரின் கோட்டையில் சிரச்சேதம் செய்தார்கள்.

அந்தக் குமாரனைத்தான் சரித்திரம் 'மகா பிரெடெரிக்' என்கிறது. கண்டித்து வளர்த்ததனால்தானே மகானானான் என்று கேட்பவர்கள் எல்லாத் தேசத்திலும் இருப்பார்கள். தகப்பனார் சேர்த்துவைத்த படையை அவன் நன்றாகவே உபயோகித்தான் என்பதும் வாஸ்தவம். ஆனால் 1740-ல் பட்டத்துக்கு வந்தவன் மறுவருஷமே அதே குவாண்ட்ஸை வருஷத்துக்கு 2000 தாலர் சம்பளத்தில் அழைத்து வைத்துக்கொண்டான். நூற்றுக்கு மேற்பட்ட குழல் கீர்த்தனங்களைத் தானே இயற்றினான். ஆயுள் உள்ளளவும் பெரும்பாலும் பிரெஞ்சிலேயே எழுதினான். எதை வேரறுக்க வேண்டும் என்று நெருப்பு மூட்டப்பட்டதோ அது ஒன்றும் அறவில்லை.

அப்படியானால் பிள்ளை வைத்திருக்கும் எதையும் தொடவே கூடாதா என்றால், அப்படி நான் சொல்ல மாட்டேன். சாராய பாட்டிலோ, சிகரெட்டோ, கத்தியோ அகப்பட்டால் யோசனையின்றி அப்புறப்படுத்த வேண்டியதுதான். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்கத் தக்கது: விஷத்தைக் கொட்டுகிறவர், "வந்து பார்" என்று பிள்ளையைக் கூப்பிடுவதில்லை. மட்டையை ஒடிப்பவருக்கோ பார்ப்பதற்கு ஆள் வேண்டியிருக்கிறது. 2012-ல் அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு தந்தை, வீட்டுவேலைகளைப் பற்றிக் குறைகூறி பேஸ்புக்கில் எழுதிய மகளின் லேப்டாப்பைத் துப்பாக்கியால் சுட்டுத் துளைத்து, அதைப் படமாகவும் எடுத்து உலகத்துக்குக் காட்டினார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், அவர்களில் அநேகர் கைதட்டவும் செய்தார்கள். இதற்குச் சிக்ஷை என்று பெயரிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பெரியவர் தம் கோபத்துக்கு நடத்துகிற உற்சவம் இது.

பொருளைப் பறித்துப் பரணில் ஏற்றி, பரீக்ஷை முடிந்த மறுநாள் தருகிறேன் என்று சொல்லுகிற தகப்பனாரை நான் குறைகூறவில்லை. அவர் எவ்வளவு கடுமையானவரானாலும், பையன் நாளை எண்ணிக்கொண்டிருக்க இடம் வைக்கிறார். எரித்துவிட்டவரிடம் அடுத்த தப்புக்குப் பறிப்பதற்கும் ஒன்றுமில்லை, திருந்தியவனுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை.

இப்போது எல்லாம் செல்போனில் வந்து நிற்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அதில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் அடிப்பது சர்வசாதாரணமாகிவிட்டது. மட்டையில் மட்டைதான் இருந்தது. இந்தப் பெட்டியிலோ சிநேகிதர்கள் அனுப்பிய கடிதங்களும், காலஞ்சென்ற பாட்டியின் படமும், பள்ளிக்கூடத்துப் பாடக் குறிப்புகளும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அடி எல்லாவற்றின்மேலும் விழுகிறது. திங்கட்கிழமை வகுப்பு வாத்தியார் வீட்டுப்பாடத்தை வாட்ஸாப்பில்தான் அனுப்புவார். ஆகையால் சனிக்கிழமை ராத்திரி உடைத்த அதே தகப்பனார் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய், பன்னிரண்டு மாதத் தவணையில் இன்னொன்று எடுக்கிறார். பக்கத்தில் பையன் நின்று, எந்த மாடல் நல்லது என்று அவருக்கு எடுத்துச் சொல்லுகிறான்.