ஒரு பிடி சோற்றுக்கு மூன்று லட்சம்!

ஆத்தங்குடியில் அந்த வீட்டின் பின்கட்டில், கிணற்றை ஒட்டி ஒரு குட்டைச் சுவர் உண்டு. சுவரின் மேல் ஒரே ஒரு பூக்கல் பதித்திருக்கும். பட்டாலைக்குத் தளம் போட்டபோது மிஞ்சிய கல். பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்டது. காக்காவுக்குச் சோறு வைக்கிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர்தான் அதை அங்கே பதிக்கச் சொன்னார்.

நாற்பது வருஷம், மதியம் சாப்பிட உட்காரும் முன்னால் ஒரு பிடி சோற்றை அந்தக் கல்லில் வைத்துவிட்டு 'கா... கா...' என்று இரண்டு குரல் கொடுப்பார். காக்கா எடுத்த பிறகுதான் இலையில் கை வைப்பார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஆச்சி வைக்கிறார். அவர் தன் முன்னோருக்கு வைத்தார். ஆச்சி அவருக்கே வைக்கிறார்.

போன வருஷம் ஒரு மழை நாளில் ஆச்சி வளவில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால், அத்தனை பெரிய வீட்டில் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். பால்காரர் வந்து குரல் கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து மகன் ஓடிவந்தார்.

"இனிமே தனியா இருக்க வேணாம் ஆத்தா. அங்க வந்து ஆறு மாசம் இருங்க. பிடிச்சா அப்படியே இருந்துடலாம். பிடிக்கலைன்னா கொண்டாந்து விட்டுடறேன்."

ஆச்சி கிளம்பினார். வீட்டுச் சாவியை, பல வருஷமாகக் கைவேலை செய்யும் பெண்ணிடம் கொடுத்தார். கொடுக்கும்போது விளக்கு, மாடு, தென்னை எல்லாவற்றையும் பற்றிச் சொன்னார். காக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர் கூடவே வருகிற விஷயம் என்று நினைத்திருப்பார் போல.

சிங்கப்பூரில் மகனுக்குப் பதினோராவது மாடியில் வீடு. அங்கே 'வீவக வீடு' என்பார்கள். நம் ஊர் வீட்டு வசதி வாரியம் மாதிரி அரசு கட்டிக்கொடுத்தது. ஆச்சிக்கு வந்த வாரமே ஒரு சந்தோஷம், கீழே மரத்தில் காக்கா கத்தியது. மகனைவிட, பேரனைவிட, அந்தக் குரல்தான் 'நம்ம ஊருதான்' என்று அவருக்குச் சொன்னது. தினமும் ஜன்னலில் நின்று பார்ப்பார். ஜன்னலில் கம்பி, வலை என்று இருந்ததால் சோறு வைக்க வழியில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகாளய அமாவாசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையிலேயே குளித்துவிட்டு, வெறும் காபியோடு சமையலில் இறங்கினார். வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய், உளுந்து வடை, பாயசம். ஊரிலிருந்து கொண்டுவந்த கவுனி அரிசியை வேகவைத்து இனிப்பும் செய்தார். அது அவருக்கு உயிர். பத்து மணிக்கு எல்லாம் முடிந்தது. வாழை இலைத் துண்டில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

"எங்க ஆத்தா போறீங்க?"

"கீழ மரத்தடியில வச்சுட்டு வந்துடறேன். ரெண்டு காக்கா உக்காந்திருக்கு."

"ஐயையோ, வேணாம். அபராதம் போட்டுடுவாங்க."

"குப்பை போடுறேன்னா? இலையை நானே எடுத்துட்டு வந்துடறேன் தம்பி."

"குப்பைக்கு இல்ல ஆத்தா. காக்காவுக்குச் சோறு போடுறதுக்கு."

மகன் விளையாடுகிறார் என்று ஆச்சி நினைத்தார். "எம்புட்டு?" என்று கேட்டார்.

"முதல் தடவைன்னா அஞ்சாயிரம் வெள்ளி வரைக்கும். மறுபடி செஞ்சா பத்தாயிரம்."

செட்டிநாட்டு ஆச்சிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே பெருக்கிப் பார்த்தார். "மூணு லட்சத்துக்கு மேல வருதே! ஒரு பிடி சோத்துக்கா?"

கேட்கும்போது கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆத்தங்குடி அடுப்படியில் உட்கார்ந்து கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த வழக்கில் நியாயம் மகன் பக்கம்தான். அவர் செய்த தப்பு, அபராதத்தை முதலில் சொன்னதுதான். காக்கா எப்படி அங்கே போனது என்பதை முதலில் சொல்லியிருந்தால் ஆச்சிக்குப் பாதி புரிந்திருக்கும்.

நாம் தினமும் பார்க்கிற, கழுத்துச் சாம்பல் நிறத்தில் இருக்கும் வீட்டுக் காகம், இந்தியாவையும் இலங்கையையும் சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்ந்த பறவை. சிங்கப்பூரின் சொந்தப் பறவை இல்லை. 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. செடியைக் கம்பளிப்புழுக்கள் தின்றன. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். காப்பி நிலைக்கவில்லை, தோட்டக்காரர்கள் ரப்பருக்கு மாறிவிட்டார்கள். காக்கை நிலைத்துவிட்டது. கிள்ளானிலிருந்து மெல்ல மெல்லத் தெற்கே பரவி, 1940களில் சிங்கப்பூரிலும் குடியேறிவிட்டது.

2000ஆம் ஆண்டு வாக்கில் அந்தச் சின்னத் தீவில் லட்சத்துக்கும் மேற்பட்ட காக்கைகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் உறுப்பினர்களை வைத்துப் பல வருஷம் சுட்டார்கள். எண்ணிக்கை குறைந்தது. குடியிருப்புகளுக்கு நடுவே துப்பாக்கி சுடுவது ஆபத்து என்று பிறகு அதை நிறுத்தினார்கள். 2023இல் பீஷான் என்ற வட்டாரத்தில், நடந்துபோனவர்கள் தலையில் காக்கைகள் வரிசையாகக் கொத்தின. அது வெறியல்ல. பக்கத்தில் பறக்கப் பழகும் குஞ்சு இருந்தால் எந்தக் காக்காவும் அதைத்தான் செய்யும். ஆனால் கொத்து வாங்கியவருக்கு அது ஆறுதலாக இருக்காது. தேசியப் பூங்காக் கழகம் கூடுகளைக் கலைத்தது, பொறி வைத்தது.

கூட்டைக் கலைத்தாலும் பொறி வைத்தாலும், சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிற வரை காக்கை பெருகிக்கொண்டேதான் இருக்கும். காட்டில் தேடித் தின்கிற பறவை இல்லை அது. மனிதன் போடுவதையும் சிந்துவதையும் நம்பி வாழ்வது. அதனால்தான் சட்டம் சோற்றில் வந்து நிற்கிறது. 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியில்லாமல் எந்தக் காட்டு விலங்குக்கும் பறவைக்கும் உணவு போடக் கூடாது. குரங்கு, புறா, காக்கை எல்லாம் இதில் அடக்கம். பிடித்த உயிரையோ வாங்கிய உயிரையோ புண்ணியத்துக்காக வெளியில் விடுவதும் குற்றம். ஆத்தங்குடியில் தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். சோறு வைக்க ஆள் இல்லாமல் காக்கை சுவரில் உட்கார்ந்து பார்க்கிறது. சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தில் நூறு வீடு. அமாவாசைக்குப் பத்து வீட்டில் ஒரு பிடி வைத்தாலே போதும், அந்த மரத்தில் அடுத்த கூடு உறுதி.

தீவு என்பதால்தான் இத்தனை கெடுபிடி. தீவில் ஒரு வெளிப்பறவை பெருகினால், உள்ளூர்ப் பறவைகள் நகர்ந்து போக வேறு இடம் கிடையாது. காக்கை அடுத்த பறவையின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகும். ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் குப்பையைத் தின்னட்டும் என்று 1890களில் நம் காக்கையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது கடல் தாண்டிக் கென்யாவின் மொம்பாசா வரை போய்விட்டது. 2024இல் கென்ய அரசு, பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. ஏமனைச் சேர்ந்த சொகோத்ரா தீவு முன்பே விழித்துக்கொண்டது. அங்கே 1990களில் கப்பலில் வந்து இறங்கிய காக்கைகள் பெருகத் தொடங்கியதுமே, கூட்டிலிருந்து குஞ்சை எடுத்து வரும் சிறுவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். 2009இல் கடைசிக் காக்கையும் போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வெளியிட்ட 37 உயிரினங்களின் முதல் தடைப் பட்டியலிலும் நம் காக்கை இருக்கிறது. அங்கே அதை வளர்ப்பது, விற்பது, வெளியில் விடுவது எல்லாமே தடை.

நாமும் பெரிதாகப் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவாலோடு சேர்த்து 'தொல்லை உயிர்' பட்டியலில்தான் காக்கையை வைத்திருந்தோம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்தப் பட்டியலையே நீக்கியது. பித்ருவாக இருந்துகொண்டே சட்டப்படி எலியோடு ஐம்பது வருஷம் ஒரே வரிசையில் நின்றிருக்கிறது!

ஆச்சியிடம் பேரன் இதில் பாதியைச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறான். "அப்பத்தா, இந்தக் காக்கா இந்த ஊரு இல்ல. வெளியிலேருந்து வந்தது" என்றான்.

"நீ மட்டும் இந்த ஊரா?" என்று கேட்டார் ஆச்சி. "ஒங்க அய்யாவோட அப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி இங்க வந்தாக. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில பெட்டியடி போட்டு உக்காந்தாக. அவுகளையும் பொறி வச்சா பிடிச்சாக?"

பேரனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றில்லை. மனிதர் வந்த ஊரின் சட்டத்துக்கு அடங்கி நடக்க முடியும், காக்கையால் முடியாது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

காரணம், ஆச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, இலையை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காக்கா எடுக்காம நான் சாப்பிடறதில்ல. அது ஒங்க அப்பச்சி வச்ச வழக்கம். நீங்க சாப்பிடுங்க."

மணி பத்தரை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். காலையிலிருந்து ஒரு காபிதான். மருமகள் பாலாவது குடிக்கச் சொல்லிக் கெஞ்சினார். தலையை மட்டும் ஆட்டினார். மகனுக்கு முகம் வெளிறிவிட்டது. ஒரு கட்டத்தில், அபராதம் வந்தால் வரட்டும் என்று அவரே இலையைக் கையில் எடுத்துவிட்டார். ஆச்சிதான் தடுத்தார். "வேணாம் தம்பி. கூடாதுன்னு கீழ தமிழ்லயே எழுதிப் போட்டிருக்கான். நானே படிச்சேன். அது தெரிஞ்சும் வச்சா ஒங்க அப்பச்சி எடுக்க மாட்டாக."

பேரன்தான் சொன்னான், "அப்பத்தா, ஊர்ல வைக்கச் சொல்லலாமே. வீடியோவுல பாருங்க."

ஆத்தங்குடிக்குப் போன் போனது. அங்கே அப்போது காலை எட்டு மணி. இரண்டரை மணி நேர வித்தியாசம். அந்தப் பெண் பதறிப்போய், "சொல்லியிருந்தா விடியக்காலமே செஞ்சிருப்பேனே ஆச்சி" என்றார். அரிசி களைந்து, வாழைக்காய் நறுக்கி, வடைக்கு ஆட்டி முடிக்க வேண்டும். ஆச்சி போனிலேயே ஒவ்வொன்றுக்கும் பக்குவம் சொன்னார். அந்த வேலையில் பசி மறந்திருக்கலாம். நடுவில் மருமகள் நீட்டிய அரை டம்ளர் பாலை வாங்கிக் குடித்துவிட்டார். அது எப்படி நடந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரில் ஒரு மணி ஆனபோது போன் திரையில் அந்தக் குட்டைச் சுவர் தெரிந்தது. பச்சையும் சிவப்புமான பூக்கல். அதன் மேல் இலை. ஆச்சி திரைக்குள் குனிந்து, 'கா... கா...' என்றார். அந்தப் பெண் போனைச் சுவரை நோக்கி நீட்டிப் பிடித்தார்.

முதலில் ஓர் அணில் வந்தது. விரட்டினார்கள். பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. தென்னையில் குரல் மட்டும் கேட்டது. நாலு மாதமாகச் சோறு வைக்காத சுவர் ஆயிற்றே, உடனே இறங்குமா? மகன் திரையைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒன்று இறங்கியது. சுவரின் கோடியில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. தத்தித் தத்தி வந்தது. சோற்றைத் தொடவில்லை. வடையைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா? அவுகளும் முதல்ல வடையைத்தான் எடுப்பாக. சோத்தைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு வடை உள்ள போயிடும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இலையைப் போடு" என்றார்.

சாயங்காலம் பேரனோடு கீழே இறங்கினார். அந்த மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு காக்கா மிக அருகே இறங்கி, அவர் மடியிலிருந்த பையையே பார்த்தது. ஆச்சி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் யாராவது கவனிக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவான குரலில் அதனிடம் சொன்னார்:

"ஊர்ல வச்சாச்சு. அங்க போய்ச் சாப்பிடு."