பில் எவான்ஸும் டம்ளர் சத்தமும்

ஜாஸ் எனக்குப் புரியாது என்றுதான் ரிடையர் ஆகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை மாற்றியவர் பில் எவான்ஸ்.

1929-இல் நியூஜெர்சியில் பிறந்த பியானோ கலைஞர். பட் பவலிடமிருந்து ஓட்டத்தையும், டெபுஸி, ராவெல் இருவரிடமிருந்து ஸ்வரச் சேர்க்கையின் நிறத்தையும் எடுத்துக்கொண்டார். 1959-இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வாசித்தார். பிறகு பாஸ் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸ் பால் மோஷன் இவர்களோடு ஒரு மூவர் குழு. அதில் பாஸ் வெறும் பக்கவாத்தியம் இல்லை. பியானோவோடு சரிக்குச் சரி பேசும்.

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் வில்லேஜ் வேன்கார்டில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். கண்ணாடி டம்ளர் உரசுவது, யாரோ பேசிச் சிரிப்பது எல்லாம் அதில் கேட்கும். பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். வயது 25. எவான்ஸ் பல மாதம் மேடை ஏறவில்லை.

முன்பெல்லாம் அந்தப் பேச்சுச் சத்தம் எரிச்சலாக இருக்கும். என் மனைவி சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்வாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "காப்பி ஆச்சா?" என்பேன். அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. இப்போது அந்த ரெக்கார்டைக் கேட்டால், அன்று பேசிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தன் என்றுதான் தோன்றுகிறது.