செம்புக் கம்பியும் செவிப்புலனும்

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான சவால் விடுக்கப்பட்டது. அம்பிளிபயரையும் ஒலிபெருக்கிகளையும் இணைக்கும் ஒரு சோடி வயரின் விலை 7,250 டொலர். அந்த வயருக்கும் சாதாரண வயருக்கும் இடையிலான வேறுபாட்டை, எது எதுவென்று அறியாத நிலையில், காதால் மட்டும் கேட்டுப் பிரித்தறிந்து காட்டுவோருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு தருவதாக ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். மேடை மந்திரவாதியாக இருந்து, பின்னர் போலி அற்புதங்களைத் தோலுரிப்பதில் பெயர் பெற்றவர் அவர். வயரைத் தயாரித்த நிறுவனம் விலகிக்கொண்டது. சோதனை நடைபெறவேயில்லை. 2020இல் ராண்டி காலமானார். அந்த விலையையும் தாண்டிய வயர்கள் இன்றும் விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கின்றன.

தொலைதூரத்துச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று இதனை நான் ஒதுக்கியிருக்கக்கூடும். ஆனால், என் நெடுநாளைய நண்பர் ஒருவர் அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றபோது, பணிக்கொடையின் ஒரு பகுதியை இத்தகைய வயர் ஒன்றில் முதலிட்டார். வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அந்தச் சோடியின் விலை, அவரது அம்பிளிபயரின் விலையைவிடக் கூடியது. அத்துடன் அவர் நிற்கவில்லை. இறுவட்டுக் கருவிக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் அதே இன வயரைப் பூட்டுவதற்கு எஞ்சிய சேமிப்பிலிருந்து எடுப்பதா என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். அவருடைய துணைவியார் அதே கேள்வியை வேறு தொனியில் கேட்டார்.

வயர் செய்யும் வேலை எளிமையானது. மின்சாரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்கிறது. அதில் முதன்மையாகக் கவனிக்கவேண்டியது மின்தடை. தலைமுடிபோன்ற மெல்லிய வயரைப் பாவித்தால் தடை கூடி, ஒலி சற்றுக் குன்றும். ஒலிபெருக்கியின் தன்மையைப் பொறுத்து அதன் குணமும் மாறும். ஆனால், 2.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள சாதாரணச் செம்பு வயரை ஐந்து மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போய்வரும் பாதையின் மொத்தத் தடை ஏறத்தாழ 0.07 ஓம் மாத்திரமே. எட்டு ஓம் ஒலிபெருக்கி ஒன்றுக்கு முன்னால் இது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. இதற்குமேல் செம்பின் தூய்மையைக் கூட்டினாலும் வெள்ளிப் பூச்சுப் பூசினாலும் காதுக்கு எட்டக்கூடிய ஆதாயம் எங்கிருந்து வரும்?

1983இல் 'ஸ்ரீரியோ ரிவியூ' என்ற அமெரிக்கச் சஞ்சிகை இதனைப் பரிசோதித்தது. மிக மெல்லிய வயரை, சோதனைக்கான இரைச்சல் ஒலியைக்கொண்டு கேட்போர் இனங்கண்டனர். தடித்த சாதாரண வயரையும் விலையுயர்ந்த வயரையும் இசையைக் கேட்டுப் பிரித்தறிய அவர்களால் நம்பகமாக இயலவில்லை.

இவற்றை எடுத்துரைத்தபோது நண்பர் சிரித்தார். "மச்சான், கணக்குப் பார்த்தோ பாட்டுக் கேக்கிறது? வந்து கேட்டுப்பார். திரை விலகினமாதிரி இருக்கும்" என்றார். நியாயமான பதில்தான். இசையின் நீதிபதி செவியே. எனவே செவியையே விசாரிப்பது என்று இருவரும் இணங்கினோம்.

புறக்கோட்டையில் சாதாரண இரட்டை வயர் வாங்கினேன். ஓர் உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடிய செலவு. பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் நண்பரின் மகள், இரு வயர்களின் முனையிலும் மின்னழுத்தத்தை அளந்து, ஒலியளவு சமமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டாள். இது அவசியம். ஒலி இம்மியளவு கூடினாலும் காது அதனைக் 'கூடியது' என்று உணராது. 'தெளிவானது' என்றே உணரும். ஒலிபெருக்கிகளின் பின்புறத்தையும் அம்பிளிபயரையும் துணியால் மறைத்து, நாணயத்தைச் சுண்டி, எந்த வயர் என்பதை அவள் தீர்மானித்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் விடையை மற்றவர் அறியாதபடி தாளில் எழுதவேண்டும். மொத்தம் 16 சுற்றுகள். வெறும் ஊகத்தினால் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஆகவே 12ஐ எல்லையாக வைத்தோம்.

முதலில் துணியின்றிக் கேட்டோம். எம். டி. ராமநாதனின் ஆழ்ந்த குரல். விலையுயர்ந்த வயரில் அந்தக் குரலுக்குக் கூடுதல் கனம் இருப்பதாக நண்பர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டது. பின்னர் துணி விழுந்தது. எஸ். பாலசந்தரின் வீணையையும் சேர்த்துக்கொண்டோம். ஆறாவது சுற்றுக்குப் பின் நண்பரின் முகத்தில் இருந்த உறுதி தளர்ந்தது. பத்தாவதில் கண்களை மூடிக்கொண்டார். முடிவில் அவருக்கு ஒன்பது சரி; எனக்கு ஏழு. நாணயத்தைச் சுண்டியே விடை எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான் வந்திருக்கும்.

"அப்பா, பதினொராவது முறை இதுதான் நல்ல வயர் எண்டு அடிச்சுச் சொன்னீங்கள். அது மாமா வாங்கின வயர்" என்றாள் மகள். நண்பர் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்தின் பின், அவசரச் சோதனையில் புலப்படாத நுட்பம் மாதக்கணக்கிற் கேட்கும்போது புலப்படும் என்றார். அதையும் துணியால் மறைத்துவைத்துக் கேட்கலாமே என்றேன்.

பத்திரிகைப் பணியில் இருந்தவர்களுக்கு இந்தத் துணி புதிதன்று. சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் பிரதிகளில் பெயரை அகற்றி, இலக்கமிட்டே நடுவர்களுக்கு அனுப்புவோம். நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்பதனால் அன்று. பெயரைக் கண்டபின் அதனைக் காணாதவர்போல் வாசிக்க மனிதரால் இயலாது என்பதனால். நல்ல எழுத்தாளரின் சுமாரான கதையில் ஆழம் தெரியும். அறிமுகமற்றவரின் நல்ல கதையில் பிழை தெரியும். விலையும் ஒரு பெயர்தான். அது காதுக்குள் நுழையுமுன் மனத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கொடுத்த பணம் பெரிதாயின், கேட்டேயாகவேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்துவிடுகிறது.

இதனால் எல்லா வயரும் ஒன்றென்று கொள்ளலாகாது. போதிய தடிப்பு வேண்டும். முனைகள் இறுக்கமாக இருக்கவேண்டும். கொழும்பின் கரையோரத்தில் கடற்காற்றினால் செம்பில் களிம்பு பிடிக்கும். ஆண்டுக்கொருமுறை முனையைச் சுரண்டித் துப்புரவாக்கிப் பூட்டுவது பயன் தரும். அதற்குப் பணம் தேவையில்லை. ஒலியை உண்மையிலேயே மாற்றுபவை அறையும் ஒலிபெருக்கிகளுமே. அன்று மாலை நாங்கள் ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து ஓரடி முன்னுக்கு இழுத்தோம். ராமநாதனின் குரலில் இருந்த மந்தமான முழக்கம் குறைந்தது. அதனைக் கண்டுபிடிக்க எவருக்கும் 16 சுற்றுகள் தேவைப்படவில்லை. சமையலறையிலிருந்து துணைவியாரே "என்ன, இப்ப வடிவாய்க் கேக்குது" என்றார்.

இரண்டாவது வயருக்கான பணம் அனுப்பப்படவில்லை. அதில் ஒரு சிறு பகுதியில், ஓடு பதித்த அந்தக் கூடத்துக்கு ஒரு கம்பளமும் தடித்த யன்னற் திரைகளும் வந்தன. முதலாவது வயர் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது. அதனைக் கழற்றும்படி நான் சொல்லவில்லை. அது நல்ல வயர்தான். சாதாரண வயரைப் போலவே நல்ல வயர்.