பால் சுறா

ஏப்ரல் 22
மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்தாயிற்று. ஆபரேஷன் பிரசவம். பால் போதவில்லை. பையன் அழுது சிவக்கிறான், அவளும் கூடச் சேர்ந்து அழுகிறாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பால் சுறாப் புட்டு கொடுத்துத்தான் என்னையும் என் அம்மா தேற்றினாள். இப்போது எங்கே போவேன்? 15-ஆம் தேதியே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது.

ஏப்ரல் 23
காரைக்கால் மார்க்கெட்டில் ஐஸ் மீன்தான். வாங்க மனசில்லை.

ஏப்ரல் 27
என்.ஐ.டி. பக்கம் ஒரு வேன். பிரெட்டுக்குள் சுறாப் புட்டு வைத்துப் படிக்கிற பசங்களுக்கு விற்கிறார் ஒரு தம்பி. விசைப்படகுத் தொழிலாளி, தடை முடிகிறவரை இதுதான் பிழைப்பாம். சுறா ஏது என்று கேட்டேன்.

"கட்டுமரத்துக்குத் தடை இல்லையேக்கா. பெரியப்பா வலையில விடிகாலை விழுந்தது."

மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத் தோலை உரசி எடுத்து, உதிர்த்துப் பிழிந்த புட்டு. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, கறிவேப்பிலை. முறை தப்பவில்லை. பிரெட்டில் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிலோனில் பன்னுக்குள் மீன் வைத்து 'மாலு பான்' என்று விற்பார்களே, அது மாதிரிதான் என்றார். வாங்கித் தின்றேன். கல்லில் வாட்டிய பிரெட், புட்டின் எண்ணெயை இழுத்துக்கொண்டு மிளகோடு நன்றாகவே இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு என்றதும், பச்சை மிளகாய் போடாமல் தனியாக வதக்கிக் கொடுத்தார். பூண்டு கூடுதல்.

வீட்டில் சோற்றோடு பிசைந்து வைத்தேன். தொடவில்லை. பிரெட்டில் வைத்துக் கொடுத்ததும் முழுக்கத் தின்றாள், ஒரு கையில் பையனை மாரோடு அணைத்தபடி. பிள்ளையை இறக்கிவிட்டுத் தட்டு முன்னால் குனிந்தால் தையல் இழுக்கிறதாம். இதுவரை சொல்லவே இல்லை.

ஏப்ரல் 28
இன்றும் பிரெட்.

மே 5
நர்ஸம்மா வந்தார். பிள்ளையை அடிக்கடி மாரில் போட்டால்தான் பால் ஊறும், சுறாவால் இல்லை என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. திருமேனியழகர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன்.

மே 19
கல்லூரி விடுமுறை. வேன் இல்லை. தோசையைச் சுருட்டிக் கையில் கொடுக்கிறேன்.

ஜூன் 15
நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. விசைப்படகுகள் போய்விட்டன. பால் முன்னைக்குப் பரவாயில்லை. ராத்திரிக்கு மட்டும் இன்னும் புட்டிப் பால் கொடுக்கிறோம்.